மிளகா, வயது நான்கு

அண்ணன் அந்த லேபிள் அடிக்கிற மெஷினை வாங்கியதிலிருந்து அந்த வீட்டில் ஒரு பொருளுக்கும் நிம்மதி இல்லை. சர்க்கரை டப்பாவில் ‘சர்க்கரை’ என்று ஒட்டினான். கண்ணாடி டப்பா. உள்ளே இருப்பது சர்க்கரை என்று எறும்புக்கே தெரியும். சாவிக்கு ஒட்டினான், ஸ்விட்சுக்கு ஒட்டினான், அண்ணியின் மாத்திரை டப்பாக்களில் ‘காலை’, ‘இரவு’ என்பதை மாற்றி ஒட்டினான். ஒரு வாரம் அண்ணி பட்டப்பகலில் சோபாவில் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டார். கேட்டால், “மெஷின் சரியாத்தான் அடிச்சுது” என்கிறான். ஒட்டினது யார் கை, மெஷின் கையா?

எனக்கு இதெல்லாம் சிரிப்பே வராது. நான் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறவள். பெயர் ஒட்டாத ட்யூப் வந்தால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொரு தடவை குத்தி எடுத்துக்கொள்ளலாம். பெயர் மாறி ஒட்டின ட்யூப் வந்தால் போச்சு. ஒருத்தருடைய வியாதிக்கு இன்னொருத்தர் மருந்து சாப்பிடுவார். இதை லேபில் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்கிற விதத்தில் பாதிப் பேர் அழுதுவிடுவார்கள். வீட்டில் சின்ன வயதிலிருந்தே எனக்கு மிளகா என்று பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு எண்பதாவது பிறந்தநாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் வருகிறார்கள். அதற்குள் வீட்டிலிருக்கும் பழைய போட்டோக்களை ஒழுங்குபடுத்தி, ஒவ்வொன்றுக்கும் கீழே யார், என்ன வயது என்று லேபிள் ஒட்டி, பெரிய ஆல்பமாக்கி, வருகிறவர்கள் கையில் கொடுத்துச் சுற்றவிடுவது அண்ணனின் திட்டம். முப்பது வருஷம் ஆபீஸில் ஃபைல் கட்டினவன். ரிட்டயர் ஆன பிறகு கட்டுவதற்கு ஃபைல் இல்லை, குடும்பம் அகப்பட்டுவிட்டது.

சனிக்கிழமை காலை உதவிக்கு என்று போனேன். ஹாலில் கால் வைக்க இடமில்லை. தரை முழுக்கப் போட்டோக்கள் சின்னச் சின்னக் குவியலாகக் கிடந்தன. நடுவில் ஒரு தகரப் பெட்டி திறந்திருந்தது. அப்பாவின் பீரோ உள்ளறையில் பூட்டியே கிடந்த பெட்டி அது. அப்பா இருந்தவரை யாரும் அதைத் தொட்டதில்லை. அவர் போய் ஒரு வருஷம் கழித்து இப்போதுதான் சாவியே கிடைத்ததாம்.

“என்ன கணக்குல பிரிச்சு வெச்சிருக்க?” என்று கேட்டேன்.

“துணி” என்றான் பெருமையாக. “மூஞ்சி மாறும், துணி மாறாது. இந்தக் கட்டம் போட்ட சட்டை அப்பாவோடது. அப்ப இந்தக் குவியல் அப்பா. கோடு போட்டது நான்.”

எனக்கு அங்கேயே சூடு ஏறிவிட்டது. எங்கள் வீட்டில் துணி வாங்கின லட்சணம் இவனுக்குத் தெரியாதா? அப்பா மொத்தமாக ஒரு கட்டுத் துணி எடுத்துவருவார். அதில் அவருக்குச் சட்டை, சித்தப்பாவுக்குச் சட்டை, பிள்ளைகளுக்கு உடுப்பு, மிச்சத்தில் தலையணை உறை. பெரியவர்களுக்குச் சின்னதானது சின்னவர்களுக்கு வரும். தூரத்திலிருந்து பார்த்தால் யார் பிள்ளை, எது தலையணை என்று அம்மாவுக்கே குழப்பம் வரும். இப்படிப்பட்ட குடும்பத்தில் துணியை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிறானாம். ஏற்கெனவே சித்தப்பா படம் ஆறேழுக்கு ‘அப்பா’ என்று லேபிள் ஒட்டியாகிவிட்டது.

“சித்தப்பாவுக்கு மீசை இருக்கு. அப்பா என்னிக்கு மீசை வெச்சார்?”

“ஒருவேளை வெச்சு எடுத்திருப்பார்.”

“லேபிளுக்காக செத்தவருக்கு மீசை வெக்கறியே, உனக்கே அடுக்குமா?”

உள்ளேயிருந்து அம்மாவின் இருமல் கேட்டது. அம்மாவின் அறை ஹாலை ஒட்டித்தான். கதவைச் சாத்தவிட மாட்டாள். ஒரு கண்ணில் பார்வை மங்கல், இன்னொன்றில் சுமார். காது மட்டும் பாம்புக் காது.

அண்ணி காபி கொண்டுவந்து வைத்து, “ரெண்டு பேரும் ஆரம்பிச்சிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு, எங்கே தம்ளரை வைப்பது என்று தெரியாமல் அதை என் கையிலேயே கொடுத்தார். நான் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு குவியலாகக் கிளறினேன். ‘மிளகா’ என்று லேபிள் ஒட்டின ஒரு குவியல் இருந்தது. தடிமனான குவியல். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் கோபமெல்லாம் இறங்கிவிட்டது.

ஏனென்றால் என் சின்ன வயதுப் படம் என்று உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருப்பதாக நினைத்திருந்தேன். மூன்றாம் வகுப்பில் டீச்சர் எல்லாரையும் குழந்தைப் படம் கொண்டுவரச் சொன்னார். எனக்கு இல்லை. வீட்டில் கை காலை உதைத்து அழுதேன். அப்பா பீரோவைத் திறந்து, ஒரே ஒரு படத்தை எடுத்துத் தந்தார். ஒரு சின்னப் பெண், கட்டம் போட்ட கவுன், கவுனில் ஒரு பை, பையில் வாத்துப் படம் தைத்திருக்கும். இடுப்பில் கை வைத்து, வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாள். “இந்தா. நீதான்” என்றார். அந்த வாத்துக் கவுன் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு அலைந்திருக்கிறேன், வாத்தின் கண்ணைப் பிய்த்து அடி வாங்கியிருக்கிறேன். அப்புறம் என்ன சந்தேகம் வரும்?

கல்யாணமான பிறகு அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு என் வீட்டுச் சுவரில் மாட்டினேன். என் வீட்டுக்காரர் இன்றுவரை அதைப் பார்த்து, “இந்தப் பொண்ணு சிரிக்குதே, நிஜமாவே நீதானா?” என்று கேட்பார். அம்மா என் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றின கையோடு அதன் முன்னால் போய்த்தான் நிற்பாள். தண்ணீர்கூட அப்புறம்தான். என் மேல் அவ்வளவு பாசம் என்று எனக்குள் ஒரு பெருமை.

இப்போது அதே கவுனில் ஒரு குவியலே கிடைத்தால் எப்படி இருக்கும்! வாளிக்குள் உட்கார்ந்து ஒன்று. நாற்காலி மேல் ஏறி ஒன்று. சைக்கிள் பெல்லைப் பிடித்துக்கொண்டு ஒன்று. ஒவ்வொன்றிலும் அதே சிரிப்பு. ஐம்பத்திரண்டு வயதில் எனக்குக் குழந்தைப் பருவம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது, வெட்கம் கெட்ட கண்.

அடியில் இருந்த படத்தை எடுத்தேன். வாத்துக் கவுன் பெண் நிற்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணன் நிற்கிறான். அவளைவிட ஒரு தலைதான் உயரம். அவனும் சிரிக்கிறான். முன்பல் இரண்டும் இல்லை. கீழே லேபிள்: ‘மிளகா, வயது நான்கு’.

அண்ணன் என்னைவிடப் பத்து வயது பெரியவன். எனக்கு நான்கு வயதில் அவனுக்குப் பதினான்கு. பதினான்கு வயதுத் தடியனுக்கு முன்பல் விழுமா?

“அண்ணா” என்றேன். “உனக்குப் பல் விழுந்தப்ப நான் எங்க இருந்தேன்?”

அவன் மெஷினில் ஏதோ அடித்துக்கொண்டிருந்தான். கை நின்றது.

“சொல்லு. நான் பொறக்கவே இல்ல. இது யாரு?”

“அந்தக் கவுன நீ போட்டு நானே பாத்திருக்கேன்...”

“கவுன விடு. மூஞ்சியச் சொல்லு. காதுல பூ சுத்தாத!”

அவன் எழுந்து போய் அம்மா அறைக் கதவை மெதுவாகச் சாத்தினான். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். எனக்கு முன்னால் ஒன்று பிறந்து தங்கவில்லை என்று எனக்குத் தெரியும். பிறந்தவுடனே போன கைக்குழந்தை என்றுதான் நினைத்திருந்தேன். அந்த வீட்டில் அதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறந்ததில்லை, நானும் கேட்டதில்லை. அது கைக்குழந்தை இல்லை. நான்கு வயது வரைக்கும் இருந்திருக்கிறாள். ஓடியிருக்கிறாள், வாளிக்குள் உட்கார்ந்திருக்கிறாள், பேசியிருக்கிறாள். காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது அண்ணனுக்கு ஏழு வயது.

“அதோட அப்பா கேமராவ யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டார். இனிமே இந்த வீட்டுல போட்டோ எடுக்கக் கூடாது, அவ பேச்சையும் எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டார். நீ பொறந்தப்ப கேமராவே இல்ல. உன்ன ஒரு தடவகூட எடுக்கல, மிளகா.”

“அப்ப அப்பா எனக்குக் குடுத்தது?”

“நீ அழுத இல்ல. அதான்.”

“உனக்கு இது எப்பத் தெரியும்?”

“அவர் குடுத்த அன்னிக்கே தெரியும்.”

“இந்த லேபிள ஒட்டறப்ப?”

அவன் தரையைப் பார்த்தான். “ஞாயித்துக்கிழம எல்லாரும் வர்றாங்க. இது யாருன்னு நூறு பேரு கேப்பாங்க. அம்மா நடுவுல உக்காந்திருப்பா. நல்ல நாள்ல எதுக்கு? அதுவும் இல்லாம... உனக்கு ஒரு பக்கம்கூட இல்லாமப் போயிடும். என் பக்கம் இருக்கு, உன் பக்கம் காலி. நல்லாவா இருக்கும்?”

நல்லதுக்குத்தான் செய்திருக்கிறான். அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். மோசக்காரன் என்றால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு எழுந்து போகலாம். இவன் பாவம் பார்த்து எனக்கு ஒரு செத்த குழந்தையின் முகத்தை ஒட்டியிருக்கிறான். ஊரில் எத்தனை பேர் தலையில் என்னென்னவோ அரைக்கிறார்கள். என் பிறந்த வீட்டு ஆட்கள் என் தலையிலேயே மிளகாய் அரைத்திருக்கிறார்கள்.

“அவள அழிச்சு எனக்குப் பக்கம் போட்டியா? நான் கேட்டேனா?” கத்திவிட்டேன். “அவளுக்கு இந்தப் பெட்டிய விட்டா வேற என்ன இருக்கு? பேர் இருக்கா? யாராவது சொல்றாங்களா? இதுலயும் என் பேர ஒட்டிட்டா, அவ பொறக்கவே இல்லன்னு ஆயிடும். லேபிள் ஒட்டறியாம் லேபிள்! எங்க லேப்ல இப்படிச் செஞ்சா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்புவாங்க!”

“மெதுவா... அம்மா...”

“அம்மாவுக்கு மட்டும் தெரியாதா? நான் அந்தப் படத்த ஹால்ல மாட்டிட்டு இளிச்சிட்டு நின்னேனே. ஒருத்தர், ஒரே ஒருத்தர், இது நீ இல்லன்னு சொன்னீங்களா?”

சொல்லி முடிக்கும்போதுதான் எனக்கே உறைத்தது. அம்மா என் வீட்டுச் சுவர் முன்னால் நின்றாளே, செருப்பைக் கழற்றின கையோடு. அது என்னைப் பார்க்க இல்லை. பெட்டி அப்பாவிடம் பூட்டியிருந்தது. அந்தப் பெண்ணைப் பார்ப்பதற்கு அவளுக்கு உலகத்தில் என் வீட்டு ஹாலை விட்டால் வேறு இடம் இல்லை. இத்தனை வருஷமும் அவள் என் வீட்டுக்கு வந்தது அந்தச் சுவருக்காகத்தான் என்று அப்போது தோன்றியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் காது அடைத்துக்கொண்டது.

காபியைக் குடிக்காமலே கிளம்பினேன். அண்ணி வாசல் வரைக்கும் ஓடிவந்தார். “சாப்பிட்டாவது போ.” நான் திரும்பிப் பார்க்கவில்லை.

என் வீட்டில் படத்தை, மாட்டியிருந்த ஆணியோடு பிடுங்கினேன். சுவரில் ஒரு கை சுண்ணாம்பு உதிர்ந்தது. என் வீட்டுக்காரர், “என்ன, என்ன ஆச்சு?” என்று எழுந்தார். “சிரிக்கற பொண்ணு நான் இல்லையாம். நீங்க சொன்னது சரிதான்” என்றேன். ஆட்டோவில் போகும்போது படம் என் மடியில் இருந்தது. அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. என் கவுனைப் போட்டிருக்கிறாளே என்று ஒரு நினைப்பு. உடனே, கவுன் அவளுடையதுதானே, நான்தானே அவளுடையதைப் போட்டுக்கொண்டேன் என்று இன்னொரு நினைப்பு. எனக்கென்று ஒரு புதுக் கவுன்கூடத் தைக்கவில்லை இந்த மனுஷர்கள்.

திரும்பிப் போனபோது அம்மா ஹாலுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் ஒரு மூலையில் திட்டு வாங்கின பிள்ளையாக நின்றான். கதவைச் சாத்தினால் அவள் காதும் சாத்திக்கொள்ளும் என்று நினைத்திருப்பான் போல.

நான் படத்தை அவள் மடியில் வைத்தேன். வைத்தேன் என்ன, போட்டேன். “இந்தா உன் பொண்ணு. இனிமே இவளப் பாக்க என் வீடு வரைக்கும் நீ வர வேண்டாம்.”

அம்மா சட்டத்தைக் கையால் தடவினாள். படத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் நான் பார்த்தது என் முகம்தான். லேபில் யாரையாவது வாங்கு வாங்கென்று வாங்குவதற்கு முன்னால் எனக்கு வருகிற முகம்.

“ஏன்டி, தினமும் ஊரு ரத்தத்தப் பிரிச்சுப் பாக்கறவ. கண்ணாடியில உன் மூஞ்சியப் பாத்ததே இல்லையா? அவ மூக்கு இது. உன் மூக்கா இது? என்னிக்காவது ஒரு நாள் நீ வந்து, ‘இது நான் இல்லையே, யாரும்மா’ன்னு கேப்பேன்னு ஒவ்வொரு தடவையும் வந்து நின்னேன். நீ என்னடான்னா, காபியா டீயான்னு கேட்ட!”

“நீ சொல்லியிருக்கலாம் இல்ல?”

“சொல்லக் கூடாதுன்னுட்டாரு.”

“அவர் போயி ஒரு வருஷம் ஆச்சு!”

“ஆமா” என்றாள் அம்மா. “அதுக்குள்ள என் வாய் பழகிப் போச்சு.”

அப்புறம் அவள் அண்ணன் பக்கம் கையை நீட்டினாள். “அந்த ஆல்பத்தக் கொண்டா. நான் பெத்தது மூணு. ரெண்டுன்னு ஒட்டினது யாருடா?”

அண்ணன் ஆல்பத்தை அவள் மடியில் பிரித்து வைத்தான். ‘மிளகா’ குவியலை எடுத்து நான் ஒரு பக்கத்தில் பரப்பினேன். அம்மா அந்த லேபிள் ஒவ்வொன்றையும் நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். லேசில் வரவில்லை. நல்ல பசை. நான் உதவிக்குக் கை வைத்தபோது தட்டிவிட்டாள்.

“எழுதுடா. வாயாடி. அப்படித்தான் கூப்பிடுவோம். பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா. காய்ச்சல்லகூடப் பேசிட்டே இருந்தா. வாயாடி, வயசு நாலு. எல்லாத்துலயும் ஒட்டு.”

அண்ணன் அடித்தான். மெஷின் ‘கர்ர்’ என்று ஒவ்வொரு துண்டாகத் துப்பியது. ஐம்பத்தைந்து வருஷமாக வாயைத் திறக்காத வீட்டில் அந்தச் சத்தம் கேட்க எனக்கு என்னவோ போல் இருந்தது. அவனே ஒட்டி ஆல்பத்தில் செருகினான். தன்னோடு அவள் கைகோத்து நிற்கிற படத்துக்கு ஒட்டும்போது மட்டும் எழுந்து பாத்ரூமுக்குப் போய்விட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

அடுத்தது, எனக்கென்று மிஞ்சின பக்கத்தைப் புரட்டினேன். காலி. மஞ்சள் அட்டை, நாலு மூலையிலும் படத்தைச் செருகுகிற கோணம் மட்டும்.

“இந்தப் பக்கத்தக் கிழிச்சிடலாம்” என்றான் அண்ணன். “இல்லன்னா உன் கல்யாணப் படத்துல ஒண்ணு வெக்கலாம்.”

“கிழிக்காத” என்றாள் அம்மா. “எழுது. மிளகா, வயசு நாலு.”

“படமே இல்லையேம்மா. என்னன்னு எழுதறது?”

“படம் இல்லன்னு எழுது. அப்பா எடுக்கல. அம்மா கேக்கல.”

அண்ணன் மெஷினைக் கீழே வைத்தான். “அம்மா, இத்தன பேரு வர்றாங்க. உன் பிறந்தநாளு. எல்லாரும் படிப்பாங்க.”

“படிக்கட்டும். இவ என் முன்னால ஓடுவா, நான் அவ கவுனத்தான் பாத்துட்டே இருப்பேன். ஒரு நாளும் இவ மூஞ்சியப் பாக்கல. அதுக்கு நான் ஒருத்திதான் பொறுப்பு. எழுதுடா.”

அவன் என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பான். நான் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? என் கோபம் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை, இப்போதும் இறங்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் முதல் தடவையாக என்னைப் பற்றி ஒரு லேபிள் சரியாக வரப்போகிறது.

மெஷின் மூன்று துண்டாக அடித்துத் தந்தது. ‘மிளகா, வயது நான்கு.’ ‘படம் இல்லை.’ ‘அப்பா எடுக்கவில்லை, அம்மா கேட்கவில்லை.’ அம்மா அவற்றை வாங்கி, காலிப் பக்கத்தைக் கையால் தடவித் தடவி இடம் பார்த்து, அவளே ஒட்டினாள். மூன்றும் கோணல்மாணலாக உட்கார்ந்தன. லேபில் என்றால் பிய்த்துவிட்டு வேறு ஒட்டச் சொல்லியிருப்பேன்.

பிறகு அவள் என் கையைப் பிடித்து இழுத்து என்னைத் தன் காலடியில் உட்கார வைத்தாள். தாடையைப் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, அந்தப் பாதிக் கண்ணை வைத்துக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். மூக்கை, நெற்றியை, காதை, ஒவ்வொன்றாக. எனக்குக் கழுத்து வலித்தது.

“போதும்மா” என்றேன்.

“சும்மா இருடி” என்றாள். “இப்பத்தான் பாக்கறேன்.”